சட்டை உரித்த கோப்பை

போன வருஷம் ஆடி மாதம் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் சொன்ன வார்த்தை இன்னும் எனக்குள் கிடந்து உறுத்துகிறது. குப்பையைப் பிரித்துப் போடுவது பற்றிப் பேச்சு வந்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டாகப் பிரிக்கவே எங்கள் கட்டடத்தில் பாதி வீடுகளுக்கு மனசில்லை. நானோ மூன்றாவதாக ஒரு பை வைத்து, சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட் இவற்றைக் கழுவிக் காயவைத்துத் தனியாகத் தருவோம் என்று கேட்டிருந்தேன். இரண்டாம் மாடிக்காரர் எழுந்தார். “இனிமே அதெல்லாம் தேவையே இல்லை டீச்சர். அதான் பிளாஸ்டிக்கைத் தின்னுற பாக்டீரியாவைக் கண்டுபிடிச்சிட்டாங்களே” என்றார். நல்ல மனிதர். கட்டடத்தில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் முதலில் காரை எடுப்பவர் அவர்தான். அந்தச் செய்தியை மனதார நம்பி, ஒரு பெரிய கவலை தீர்ந்த முகத்தோடு சொன்னார். அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்குக் கலக்கமாக இருந்தது. கூட்டத்தில் எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் உடனே மறுத்திருப்பேன். அது பொய்யில்லை.

ஜப்பானில் ஒசாகாவை ஒட்டிய சகாய் நகரத்தில், தண்ணீர் பாட்டில் செய்யும் ‘பெட்’ பிளாஸ்டிக்கின் மறுசுழற்சி நடக்கும் இடத்தருகே மண், கழிவுநீர், கசடு என்று 250 மாதிரிகளை அள்ளிச் சோதித்தார்கள். அதில் ஒன்றில் பெட் படலத்தையே சாப்பாடாகக் கொண்டு வளரும் ஒரு பாக்டீரியா கிடைத்தது. ஊரின் பெயரையே வைத்து இடியோனெல்லா சகாயென்சிஸ் என்று அழைத்தார்கள். 2016 மார்ச்சில் ‘சயின்ஸ்’ இதழில் அந்த ஆய்வு வந்தபோது நான் இன்னும் பள்ளியில் வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அன்று ஒரு பாடவேளை முழுக்க இதையே பேசினேன். மெல்லிய பெட் படலம், 30 டிகிரி வெப்பம், ஆறு வாரம். அவ்வளவுதான், படலம் கரைந்து போனது. அதனிடம் இரண்டு நொதிகள், அதாவது பொருளை அறுக்கும் என்சைம்கள். முதல் நொதி பெட்டின் நீள மூலக்கூறுச் சங்கிலியைத் துண்டாக்குகிறது. இரண்டாவது நொதி அந்தத் துண்டை மேலும் உடைத்து, பாக்டீரியாவின் வாய்க்கு ஏற்ற கவளமாக்குகிறது. அன்று நானும் இரண்டாம் மாடிக்காரரைப் போலத்தான் மகிழ்ந்தேன்.

ஆனால் எங்கள் கட்டடத்துக் குப்பையில் எஞ்சிக் கிடப்பது பெட் பாட்டில் இல்லை. பாட்டிலை யாரும் விட்டுவைப்பதில்லை. காலையில் பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் அக்கா அதைத் தனியாக எடுத்து வண்டியின் பக்கவாட்டில் கட்டியிருக்கும் சாக்கில் போட்டுக்கொள்வார். அது அவருக்குக் காசு. அவர் தொடாமல் விடுவது அந்தப் பளபளப்பான உறைகளைத்தான்.

ஒட்டவைத்தது எளிது

அடுத்த தெருவில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு வேதியியல் படிப்பு கிடையாது. ஆனால் ஒரு கவரைக் கையில் கசக்கி, அது போடும் சத்தத்தைக் கேட்டே எந்தச் சாக்கில் போடவேண்டும் என்று சொல்லிவிடுவார். மெத்தென்று மடங்கினால் பால் கவர் சாக்கு. படபடவென்று சத்தம் போட்டால் வேறு சாக்கு. கூட்டம் முடிந்த வாரம், நான் தனியே சேர்த்து வைத்திருந்த மூன்றாவது பையை அவரிடம் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்துவிட்டு, “இது போகாது டீச்சர். இதுல எல்லாம் கலந்து கெடக்கு. வாங்குறதுக்கு ஆளில்ல” என்றார். ஒரு ஷாம்பு பாக்கெட்டை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, “இத ஒரு கிலோ சேக்கணும்னா ஒருத்தன் எத்தன தடவ குனியணும்னு நெனைக்கீங்க?” என்று கேட்டார்.

அவர் தூக்கிக் காட்டிய அந்தக் கட்டைவிரல் அளவு உறைக்குள் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். வெளியே அச்சடிக்க ஏற்ற பாலியெஸ்டர், அதாவது பாட்டில் செய்யும் அதே பெட். நடுவே வெளிச்சமும் காற்றும் ஈரமும் புகாமல் இருக்க அலுமினியம். உள்ளே சூடுபட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பாலித்தீன். இவற்றைப் பிரியாமல் பிடித்துக்கொள்ளப் பெரும்பாலும் பாலியூரித்தேன் பசை. சிப்ஸ் பாக்கெட்டின் கதை வேறு. அதில் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற வேறொரு பிளாஸ்டிக், அதன்மேலும் பாலிபுரோப்பிலீன். ஒன்றின்மேல் அலுமினிய ஆவி படிந்திருக்கும். அந்தப் படிவின் கனம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இராது. சகாய் பாக்டீரியாவை இதன்மேல் விட்டால் அதற்குப் பசிதான் மிஞ்சும், ஏனென்றால் அதில் பெட்டே கிடையாது. எல்லாவற்றையும் உருக்கி ஒன்றாக்கிவிடலாமே என்றால் அதற்கும் வழியில்லை. பாலித்தீன் உருக 110 முதல் 130 டிகிரி போதும். பெட் உருக 250-ஐத் தாண்டவேண்டும். அந்தச் சூட்டுக்குப் போனாலும் இரண்டும் எண்ணெயும் தண்ணீரும் போலத் தனித்தனியே நிற்கும்; ஆறினால் உளுத்துப்போன ஒரு கட்டி கிடைக்கும்.

இந்தக் குட்டி உறை பிறந்தது நம்மூரில்தான் என்பதால் எனக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருப்பதாகத் தோன்றும். கடலூர் சின்னி கிருஷ்ணன்தான் ஷாம்பு போன்ற பொருளைக் குட்டி உறையில் அடைத்து விற்கலாம் என்று வழிகாட்டியவர். வசதியுள்ளவர் வாங்குவதைக் கூலிவேலை செய்பவரும் வாங்கமுடிய வேண்டும் என்பது அவர் ஆசை. அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் வீட்டில் சீயக்காய்த் தூள்தான். பள்ளி ஆண்டுவிழாவுக்கு முதல் நாள் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கியதில் ஒன்றைக் கிழித்து வாங்கித் தலைக்குத் தேய்த்து, இரவெல்லாம் தலைமுடியை முகர்ந்து பார்த்துக்கொண்டே படுத்திருந்த பெண் நான். ஒரு முழு பாட்டில் வாங்க அம்மாவால் முடிந்திருக்காது. அந்த உறை ஏழை வீட்டுக்குள் ஒரு மரியாதையைக் கொண்டுவந்தது. கூடவே திரும்பிப்போக வழியில்லாத ஒரு பொருளையும் கொண்டுவந்தது. 2016-இல் வந்த பிளாஸ்டிக் கழிவு விதிகள் மறுசுழற்சி செய்யமுடியாத பல்லடுக்கு உறைகளை இரண்டே ஆண்டுகளில் ஒழிக்கவேண்டும் என்றன. 2018-இல் அதைத் திருத்தி, மறுசுழற்சிக்கோ எரிசக்திக்கோ வேறு எதற்குமோ உதவாத உறைகளை மட்டும் ஒழித்தால் போதும் என்றாக்கிவிட்டார்கள். எரித்தால் சூடு வரும் அல்லவா, அதனால் அநேகமாக எல்லா உறையும் தப்பித்துக்கொண்டது. சென்னையின் இந்தக் குப்பை அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளின் சூளைக்குப் போகிறது. தெருவிலும் ஓடையிலும் கிடப்பதைவிட அது மேல். ஆனால் எரிப்பதை மறுசுழற்சி என்று அழைக்க என்னால் முடியவில்லை.

டிரம்முக்குள் நடந்தது

தை மாதம் மருமகளுக்கு எங்கள் மாடியில் வளைகாப்பு வைத்தோம். எழுபது எண்பது பேர் வந்தார்கள். டம்ளர் கழுவ ஆளில்லை என்று காகிதக் கப் வாங்கினேன். “மக்குற கப்தான், தாராளமா வாங்குங்க” என்று கடைக்காரர் சொன்னதை நம்பினேன். விழா முடிந்ததும் டீ குடித்த கப்புகளை எல்லாம் நசுக்காமல் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மாடியிலுள்ள நீல டிரம்மில் போட்டேன். அதில்தான் எங்கள் வீட்டுக் காய்கறிக் கழிவு உரமாகிறது. ஒரு அடுக்கு கப், ஒரு அடுக்கு வேப்பஞ்சருகு, மேலே சாணக் கரைசல், நாலு கரண்டி புளித்த மோர். பிள்ளைகள் குடித்துப்போட்ட மாம்பழச் சாற்று அட்டைப்பெட்டி ஒன்றும் எனக்குத் தெரியாமல் உள்ளே போயிருக்கிறது.

வைகாசி பிறந்ததும் உரம் சலிக்க டிரம்மைச் சாய்த்தேன். கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு உரம் கொட்டியது. கூடவே ஏதோ வெளிறிய தோல்கள் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு வந்து விழுந்தன. முதலில் பாம்புச் சட்டை என்றுதான் நினைத்தேன், கை தானாகப் பின்னால் போனது. ஒன்றை எடுத்துத் தண்ணீரில் அலசி வெயிலுக்கு நேரே பிடித்தேன். கோப்பை. முழுக் கோப்பை. காகிதம் ஒரு இழைகூட இல்லை. கோப்பையின் உருவம் மட்டும் கண்ணாடிபோல நின்றது. காகிதத்தின் இரு ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருந்த இடம் மேலிருந்து கீழாக ஒரு கோடாகத் தெரிந்தது. உதடு வைத்துக் குடிக்கும் சுருண்ட விளிம்பில் மட்டும் கொஞ்சம் காகிதக் கூழ் சிக்கியிருந்தது, அதன்மேல் வெள்ளைப் பூஞ்சை நூல் நூலாக இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. அடியில் ஒரு வளையமாக டீக்கறை. அது படலத்தின் மறுபக்கம், நுண்ணுயிர்கள் தீண்டாத பக்கம்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காகிதமும் பாலித்தீனும் ஒட்டிய கப்பைத்தான் சாதாரணக் காகித ஆலை வேண்டாம் என்கிறது. அண்ணாச்சியும் அதே காரணத்துக்காகத்தான் ஒதுக்குகிறார். நம் கைக்கு அதைப் பிரிக்கத் தெரியவில்லை; சூட்டுக்கும் தெரியவில்லை. என் டிரம்மில் இருந்த பெயர் தெரியாத பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் நாலு மாதத்தில் பிரித்து வைத்திருந்தன. எப்படி? தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, வேண்டாததைத் தொடாமல் விட்டதால். அவை பிளாஸ்டிக்கைத் தின்னவில்லை என்பதுதான் இங்கே விசேஷம். ஒன்பது மாதமாக என்னிடம் இல்லாத பதில் கையில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நாம் நுண்ணுயிரிடம் எதிர்பார்ப்பது பெருந்தீனி. அதனிடம் உண்மையில் இருப்பது தேர்ந்தெடுக்கும் குணம். கலந்து கிடக்கும் பொருளுக்கு அந்தக் குணம்தான் வேண்டும்.

இதை வீட்டுக்கு வீடு செய்யுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் படலம் லேசாக இழுத்தாலே கிழிகிறது. கிழிந்த துண்டு உரத்தோடு செடிக்குப் போனால் மண்ணைக் கெடுத்த பாவம் நம்மைச் சேரும். அன்று முழுக்கச் சல்லடையும் கையுமாக உட்கார்ந்து துண்டு துண்டாகப் பொறுக்கினேன். பிளாஸ்டிக் பூசப்பட்ட காகிதக் கப்புகள் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை என்பதும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த விசேஷத்துக்கு எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுப்பேன். மாம்பழச் சாற்று அட்டைப்பெட்டி? அதுவும் அட்டையை உதிர்த்துவிட்டுப் பெட்டி வடிவிலேயே மின்னிக்கொண்டு கிடந்தது. ஆனால் அதில் அலுமினியமும் பாலித்தீனும் இன்னும் கட்டிப்பிடித்தபடியே இருந்தன. என் டிரம்முக்கு அந்தக் கட்டை அவிழ்க்கத் தெரியவில்லை.

இலைக்கும் ஒரு பூச்சு

அதன்பிறகு பழைய மாணவி ஒருத்தி அனுப்பிய ஆய்வுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். சகாய் பாக்டீரியாவைவிட எனக்கு நெருக்கமாகிப் போனது இன்னொரு நொதி. ஒசாகா பல்கலைக்கழகத்தார் 2012-இல் அதை அறிவித்தார்கள். அவர்கள் தேடியது பிளாஸ்டிக் கிடங்கில் இல்லை. இலையும் கிளையும் குவித்து மக்கவைத்த உரக்குவியலில். என் டிரம்மில் இருப்பது போன்ற குவியல்தான், இன்னும் பெரியது, உள்ளே கொதிப்பது. அந்த நொதியின் இயல்பான வேலை கியூட்டினை அறுப்பது. இலைமேல் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுகிறதே, அந்தப் பூச்சின் எலும்புக்கூடு கியூட்டின். வாழையிலையில் தண்ணீர் தெளித்துத் துடைக்கும்போது கையில் வழுக்கும் மேல்தோலில் மெழுகோடு அதுவும் இருக்கிறது. கியூட்டின் ஒரு பாலியெஸ்டர். பெட்டும் ஒரு பாலியெஸ்டர். இரண்டும் எஸ்டர் பிணைப்பால் கோத்த சங்கிலிகள்.

எஸ்டர் பிணைப்பை முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆய்வகத்தில் எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் சேர்ந்து பழவாசனை வரும்போது பிள்ளைகள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரை வெளியேற்றிச் சேர்ந்த பிணைப்பு, தண்ணீர் சேர்ந்தால் பிரியும் என்பது பாடம். அந்தப் பாடத்தை மரத்தடியில் விழுந்த சருகின் மேல் இருந்த உயிர்கள் எத்தனையோ கோடி வருஷம் முன்பே படித்திருக்கின்றன. இலையே ஒரு பல்லடுக்கு உறைதான்: வெளியே மெழுகு, அதன்கீழே கியூட்டின், உள்ளே செல்லுலோஸ். அதைப் பிரித்துப் பழகிய கைக்கு நம்முடைய பெட் புதிதாகத் தெரியவில்லை.

பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் நகரத்தைச் சேர்ந்த கார்பியோஸ் நிறுவனமும் துலூஸ் ஆய்வாளர்களும் சேர்ந்து அந்த நொதியைத் திருத்தி அமைத்தார்கள். 2020 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் வந்த கணக்கு: 72 டிகிரி, 10 மணி நேரம், 90 சதவீதம் பெட் மூலப்பொருளாகத் திரும்பிவிட்டது. பெட்டோடு பாலித்தீன் ஒட்டியிருக்கும் உணவுத் தட்டுகளைப் போட்டாலும் நொதி பெட்டை மட்டுமே அறுக்கும். பாலித்தீன் அப்படியே நிற்கும், என் கோப்பைத் தோல் நின்றதுபோல. இதிலும் சும்மா எதுவும் இல்லை. முதலில் பெட்டை உருக்கிச் சட்டென்று குளிரவைத்து, இறுகிய ஒழுங்கைக் கலைத்துப் பொடியாக்கவேண்டும். பிரான்சிலேயே லோங்லாவில் என்ற ஊரில் அந்த நிறுவனம் கட்டவிருந்த பெரிய ஆலையின் வேலை, பணம் சேராததால் 2024 இறுதியில் தள்ளிப்போனது. கச்சா எண்ணெயிலிருந்து வரும் புதுப் பெட் மலிவாகக் கிடைக்கிற வரையில் இந்தப் போராட்டம் இருக்கும்.

பாலித்தீனும் பாலிபுரோப்பிலீனும்தான் பிடி கொடுக்காதவை. கார்பனோடு கார்பன் கோத்த நீளச் சங்கிலி. நொதி கத்தி வைக்க ஒரு எஸ்டர்கூட இல்லை. அமெரிக்காவில் கொலராடோவிலுள்ள தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் கிரெக் பெக்காமின் குழு 2022-இல் வேறு வழியில் போனது. பாலித்தீன், பாலிஸ்டைரீன், பெட் மூன்றையும் கலந்தே எடுத்துக்கொண்டு, கோபால்ட், மாங்கனீசு வினையூக்கிகளை வைத்து ஆக்சிஜனேற்றம் செய்தார்கள். ஒவ்வொன்றும் உடைந்து வெவ்வேறு அமிலங்களாயின. அந்தக் கலவையைச் சூடோமோனாஸ் புடிடா என்ற மண் பாக்டீரியாவுக்கு, அதன் மரபணுவை மாற்றியமைத்துவிட்டு, ஊட்டினார்கள். பலவிதமாக உள்ளே போனது. ஒரே பொருளாக வெளியே வந்தது. பல வாய்க்கால் தண்ணீர் ஒரே மடையில் சேர்வதுபோல. அருமையான யோசனை. ஆனாலும் என் மனம் இன்னொரு பக்கம்தான் சாய்கிறது. ஐரோப்பாவில் டெர்மினஸ் என்ற ஆய்வுத்திட்டத்தில், அடுக்குகளை ஒட்டும் பாலியூரித்தேன் பசைக்குள்ளேயே நொதியைத் தூங்கவைக்கப் பார்த்தார்கள். கடையில், வீட்டில் இருக்கிறவரை அது தூங்கும். மறுசுழற்சிக் கூடத்தில் அதற்குரிய சூழல் கிடைத்ததும் விழித்துப் பசையை அறுக்கும், அடுக்குகள் தாமே கழன்றுவிடும். பாலியூரித்தேனைத் தின்னும் பூஞ்சை உண்டென்று ஈக்வடார் காட்டிலிருந்து யேல் பல்கலைக்கழக மாணவர்கள் கொண்டுவந்த செய்தி 2011-இலேயே வந்தது. நாம் எதனால் ஒட்டினோமோ அதை மட்டும் கழற்றுவது. கல்யாண வீட்டுப் பந்தலைப் பிரிக்கிறவர் கயிற்றைத்தானே அவிழ்க்கிறார்.

எல்லாம் படித்த பிறகும் இரண்டாம் மாடிக்காரருக்கு நான் சொல்லவேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நம் வங்காளத்தில் பிறந்த ஆனந்த சக்கரவர்த்தி உருவாக்கிய எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதுவும் சூடோமோனாஸ் குடும்பம்தான். கடலில் எண்ணெய் கொட்டினால் இனிக் கவலையில்லை என்று உலகமே பேசியது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோது என்ன நடந்தது என்று நாம் எல்லாரும் டிவியில் பார்த்தோம். இளைஞர்களும் மீனவர்களும் பாறையில் நின்று, பிளாஸ்டிக் வாளியால் அள்ளி அள்ளிக் கைமாற்றினார்கள். அள்ளிக் கரைசேர்த்த கசடின்மேல்தான் பிறகு நுண்ணுயிர்களை இட்டார்கள், அங்கே அவை தம் வேலையைச் செய்தன. எந்த உயிரும் தெருவில் இறங்கி உறையைத் தேடி வராது. பேட்டரி வண்டி அக்கா குனிந்து எடுத்தால்தான் அது நொதித் தொட்டிவரை போகும். எங்கள் வீட்டுச் சோறும் மீன் குழம்பும் அதில் அப்பியிருந்தால் அவர் ஏன் குனியவேண்டும்?

போன மாதம் இரண்டாம் மாடிக்காரரை மாடிக்கு அழைத்துவந்து டிரம்மைக் காட்டினேன். கோப்பைத் தோலை வாங்கி நெடுநேரம் விரலால் தடவிப் பார்த்தார். “அப்ப நாம பிரிச்சுக் கொடுத்தாத்தான் அதுக்கும் பிரிக்க முடியும்னு சொல்றீங்க” என்றார். மறுநாள் அவர் வீட்டு வாசலில் மூன்றாவது பை தொங்கியது. அதை வாங்க இன்னும் ஆளில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வாங்க ஆள் வரும்வரை மொட்டைமாடி அறையில் சேர்த்து வைக்கிறோம். இப்போது இரண்டு சாக்கு ஆகியிருக்கிறது.

அலசிக் காயவைத்த கோப்பைத் தோல்களை ஒரு பையில் போட்டு அண்ணாச்சியிடமும் கொண்டுபோனேன். ஒன்றை எடுத்துக் காதருகே கசக்கினார். சத்தம் வரவில்லை. மறுபடி கசக்கினார். “எங்க கெடச்சது இது?” என்றார். சொன்னேன். பதில் பேசாமல் எழுந்துபோய்ப் பால் கவர் சாக்கின் வாயை அவிழ்த்தார்.